சொட்டு விழும் கணத்தைப் படம் பிடிக்க: வீட்டிலேயே நீர்த்துளிப் புகைப்படங்கள்

சரியாக மூடாத குழாயின் அடியில் தண்ணீர் நிறைந்த வாளி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு விழுகிறது. ஒரு சின்னச் சத்தம், நீர்ப்பரப்பில் ஒரு நெளிவு, அகன்றுகொண்டே போகும் சில வளையங்கள். கண்ணுக்கு எட்டுவது அவ்வளவுதான். அந்த நெளிவுக்குள் நடப்பதோ பெரிய கதை. சொட்டு இறங்கிய இடத்தில் கிண்ணம் போல ஒரு பள்ளம் விழுகிறது. பள்ளத்தின் விளிம்பு மெல்லிய சுவராக மேலெழுந்து, உச்சியில் முத்து முத்தாகப் பிரிந்து கிரீடமாகிறது. கிரீடம் சரிந்து பள்ளம் மூடும்போது, சுற்றிலுமிருந்து பாய்ந்து வரும் நீர் நடுவில் மோதி ஒரு தூணாக எழும்புகிறது. தூணின் நுனியிலிருந்து ஓர் உருண்டை பிரிந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, மீண்டும் விழுகிறது. இத்தனையும் ஏறத்தாழ கால் வினாடிக்குள் முடிந்துவிடும்.

இதைப் படம் எடுக்க அதிவேகக் கேமரா வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் தேவைப்படுவது, எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ளும் மேனுவல் வசதி உள்ள சாதாரணக் கேமரா, கையால் அளவு குறைக்கக்கூடிய ஒரு ஃப்ளாஷ், ஒரு ட்ரைபாட், ஓர் அகலமான தட்டு, கொஞ்சம் இருட்டு. இந்தப் பட்டியலில் எளிதாகக் கவனம் தப்பிவிடுவது கடைசியில் உள்ள இருட்டு. அது ஏன் முக்கியம் என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் சொட்டு, தண்ணீரைத் தொடும்போது வினாடிக்குச் சுமார் 2.8 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது ஒரு மில்லி வினாடியில் 2.8 மி.மீ. நகர்கிறது. சொட்டின் குறுக்களவே 4 அல்லது 5 மி.மீ.தான். இப்போது ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் ஒளி புகத் திறந்து மூடும் கதவை, 1/200 வினாடிக்கு வைத்து எடுத்தால் என்ன ஆகும்? 1/200 வினாடி என்பது 5 மில்லி வினாடி. அதற்குள் சொட்டு 14 மி.மீ. போய்விடும். படத்தில் சொட்டு இருக்காது. மூன்று சொட்டு நீளத்துக்கு ஒரு மங்கிய கோடு இருக்கும்.

சரி, ஷட்டரை 1/4000 வினாடிக்கு ஏற்றினால்? நகர்வு 0.7 மி.மீ.யாகக் குறைகிறது. பரவாயில்லைதான். ஆனால் அவ்வளவு குறைந்த நேரத்தில் படம் பதிய வெயில் போன்ற வெளிச்சம் வேண்டும். வீட்டுக்குள் எந்த விளக்கும் அதற்குப் போதாது. சொட்டை நெருங்கிப் பார்த்தால் அந்த 0.7 மி.மீ.கூட விளிம்புகளை மழுக்கிவிடும்.

இங்கேதான் ஃப்ளாஷ் வருகிறது. கேமராவின் மேல் பொருத்தும் சாதாரண ஃப்ளாஷை முழு அளவில் அடித்தால் அதன் ஒளி 1/1000 வினாடியோ இன்னும் சற்று அதிகமோ நீடிக்கும். அதையே 1/128 அளவுக்குக் குறைத்தால், பல ஃப்ளாஷ்களில் ஒளி நீடிக்கும் நேரம் 1/20,000 வினாடிக்கும் கீழே போய்விடும். அந்த நேரத்தில் சொட்டு நகர்வது 0.14 மி.மீ. மட்டுமே. கண்ணாடியில் செதுக்கியது போல நின்றுவிடும்.

ஃப்ளாஷைக் குறைக்கக் குறைக்கப் படம் கூர்மையாகிறது என்பதை முதலில் ஏற்றுக்கொள்வது கடினம். நம் பழக்கம் நேர் எதிரானது. வேகமான பொருளுக்குப் பெரிய வெளிச்சம் வேண்டும் என்றே கை போகும். காரணம் எளிது. இந்த வகை ஃப்ளாஷில் ஒரு மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்சாரம் செனான் குழாய் வழியாகப் பாய்கிறது. அளவைக் குறைக்கும்போது வெளிச்சத்தின் வீரியம் பெரிதாகக் குறைவதில்லை. பாய்ச்சல் நடுவிலேயே வெட்டப்படுகிறது. வாய்க்கால் மடையைத் திறந்த மறுகணமே அடைப்பது போல. அதனால் குறைந்த அளவு என்றால் குறைந்த நேரம். (பெரிய ஸ்டுடியோ விளக்குகள் சிலவற்றில் இது தலைகீழாக நடக்கும், அளவு குறைந்தால் நேரம் நீளும். ஆகவே இந்த வேலைக்குச் சின்ன ஃப்ளாஷே மேல்.)

இனி இருட்டுக்கு வருவோம். ஷட்டர் 5 மில்லி வினாடி திறந்திருக்கிறது. அதில் ஃப்ளாஷ் ஒளிர்வது 0.05 மில்லி வினாடி மட்டும். மீதி நேரத்தில் அறை வெளிச்சம் படத்தில் பதியாமல் இருந்தால், படம் பதியும் சென்சாரைப் பொறுத்தவரை உலகம் அந்த 0.05 மில்லி வினாடி மட்டுமே இருந்தது. சொட்டை நிறுத்துவது ஒளியின் குறுகிய ஆயுள். ஷட்டர் அப்போது வெறும் கதவு. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எல்லா அமைப்பையும் முடித்துவிட்டு, ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். வரவில்லை என்றால் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், விளக்கைக் குறையுங்கள்.

இருட்டில் வரைந்த ஒருவர்

இந்த யோசனை புகைப்படக் கலையின் வயதை ஒட்டியது. 1851-இலேயே, புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட், சுழலும் சக்கரத்தில் ஒட்டிய செய்தித்தாளை மின்பொறியின் ஒளியில் படம் எடுத்துக் காட்டினார். நீர்த்துளிக்கு வந்தால், ஆங்கிலேய இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டனைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1870-களில் அவர் இருட்டறையில் சொட்டை விழவிட்டு, குறித்த கணத்தில் ஒரு மின்பொறியை ஒளிரச் செய்து, கண்ணில் தங்கிய உருவத்தைக் கையால் வரைந்தார். அடுத்த சொட்டுக்குப் பொறியை இம்மி பிந்தி ஒளிரவிடுவார். அடுத்த கட்டம் கிடைக்கும். இப்படிச் சொட்டு சொட்டாகச் சேர்த்து ஒரு தெறிப்பின் முழு வரலாற்றையும் வரைந்தார். பள்ளம் மூடும்போது எழும் அந்தத் தூணுக்கு இன்றும் வொர்திங்டன் தாரை என்றே பெயர்.

எனக்கு அவரிடம் பிடித்தது அடுத்து நடந்தது. 1894-இல் அவரால் தெறிப்புகளைப் புகைப்படமாகவே எடுக்க முடிந்தது. தம் ஓவியங்களோடு ஒப்பிட்டபோது, ஓவியங்களில் கிரீடங்கள் ஒழுங்காக, சமச்சீராக இருந்தன. புகைப்படங்களில் கோணலும் குறையுமாக இருந்தன. கண் பார்த்ததை மனம் திருத்தி வரைந்திருக்கிறது என்பதை அவரே வெளிப்படையாக எழுதினார். நீங்களும் முதல் நாள் எடுக்கும் படங்களில் கிரீடத்தின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் சரிந்தும் இருப்பதைப் பார்ப்பீர்கள். அவற்றை உடனே அழித்துவிடாதீர்கள். தண்ணீர் அப்படித்தான் தெறிக்கிறது.

பிறகு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்டன், மின்னணு ஃப்ளாஷை இந்த வேலைக்கே ஏற்றபடி வளர்த்தெடுத்தார். 1930-களில் தொடங்கி அவர் பால் துளியைத் திரும்பத் திரும்ப எடுத்தார். சிவப்புப் பரப்பின் மேல் வெள்ளைப் பால் கிரீடமாக நிற்கும் 1957-ஆம் ஆண்டின் வண்ணப் படம் உலகறிந்தது. தண்ணீரை விட்டுவிட்டுப் பாலை எடுத்ததிலும் ஒரு பாடம் இருக்கிறது; அதைப் பிறகு சொல்கிறேன்.

சொட்டும் தட்டும்

சொட்டு ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே இடைவெளியில் விழ வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஊசியால் ஓர் ஓட்டை போட்டுக் கட்டித் தொங்கவிட்டாலே தொடங்கிவிடலாம். அதைவிட நல்லது, நோயாளிகளுக்கு ட்ரிப்ஸ் ஏற்றும் குழாய், பயன்படுத்தாத புதியது. அதிலுள்ள சிறு சக்கரத்தைத் திருகி, இரண்டு வினாடிக்கு ஒரு சொட்டு என்று நிதானமாக அமைக்கலாம். குழாய் நுனியை ஊசி இல்லாமல், ஆடாத ஒரு கம்பியில் கட்டிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், லேசான காற்றுகூடச் சொட்டை ஒதுக்கித் தள்ளும்.

உயரம் 30 முதல் 50 செ.மீ. போதும். இன்னும் உயர்த்தினால் தெறிப்பு பெரிதாகும், சொட்டு விழும் இடமும் தடுமாறும். தட்டு அகலமாக, முடிந்தால் கறுப்பாக இருக்கட்டும். விளிம்பு தளும்பும்வரை தண்ணீர் நிரப்புங்கள். அப்போதுதான் தட்டின் விளிம்பு படத்தில் வராது. தண்ணீரின் மேல் மிதக்கும் தூசியையும் குமிழ்களையும் ஒரு கரண்டியால் அள்ளிவிடுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத தூசு, நெருங்கி எடுத்த படத்தில் கல்லாகத் தெரியும்.

ஒளியைச் சொட்டின் மேல் அடிக்காதீர்கள்

தொடங்கும் எல்லாரும் செய்யும் தவறு இது. ஃப்ளாஷை நேரே சொட்டை நோக்கித் திருப்பினால், கறுப்புப் பின்னணியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அவ்வளவுதான். தண்ணீருக்கென்று நிறம் கிடையாது. தன் பின்னால் இருப்பதை அது வளைத்துக் காட்டும், சுற்றியிருப்பதைப் பிரதிபலிக்கும். ஆகவே நாம் ஒளியூட்ட வேண்டியது பின்னணிக்கு.

தட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு சாண் தள்ளி ஒரு வெள்ளைத் தாளையோ வண்ணத் தாளையோ நிறுத்துங்கள். ஃப்ளாஷைப் பக்கவாட்டில் வைத்து அந்தத் தாளை நோக்கித் திருப்புங்கள். அல்லது பால்நிற பிளாஸ்டிக் தகட்டை நிறுத்தி, அதற்குப் பின்னாலிருந்து கேமராவை நோக்கி ஒளியை அனுப்புங்கள். எனக்கு இரண்டாவது முறையே பிடிக்கும். சொட்டின் விளிம்பில் மெல்லிய கருங்கோடு விழுந்து உருவம் எடுப்பாகத் தெரியும். நீலத் தாளை வைத்தால் தண்ணீர் முழுவதும் நீலமாகிவிடும், சாயம் எதுவும் கலக்காமலே.

ஃப்ளாஷ் கேமராவின் மேல் இல்லாததால், அதை ஒளிரச் செய்ய ஒரு ரேடியோ ட்ரிகரோ நீண்ட கேபிளோ வேண்டும். ஃப்ளாஷின் தானியங்கி அமைப்புகளை அணைத்து மேனுவலில் 1/64 அல்லது 1/128-க்கு வையுங்கள். ‘ஹை ஸ்பீட் சிங்க்’ என்ற வசதி இருந்தால் அதையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். பெயரைப் பார்த்தால் நமக்காகவே செய்தது போலத் தோன்றும். ஆனால் அது ஷட்டர் நகரும் நேரம் முழுவதும் ஃப்ளாஷைத் தொடர்ந்து துடிக்கவைக்கிறது. நமக்கு வேண்டிய குறுகிய ஒளி அதில் கிடையாது. ஒளி போதவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் ஃப்ளாஷைத் தாளுக்கு அருகில் நகர்த்துங்கள்.

கேமராவில் ஷட்டர் 1/200, அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி புகும் துளை; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறியது) எஃப் 11, ஐ.எஸ்.ஓ. (சென்சார் ஒளியை உணரும் அளவு) 400. இதிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

ஃபோகஸ்

மிக நெருங்கி எடுக்கவென்றே செய்த மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கேமராவோடு வந்த லென்ஸை அது அனுமதிக்கும் மிக அருகில் வைத்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். தட்டின் மேல் குறுக்காக ஓர் அளவுகோலை வைத்து, அதன் மேல் சொட்டு விழும்படி நகர்த்துங்கள். ஈரம் பட்ட இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி, அதன் நுனிக்குக் கையால் ஃபோகஸ் செய்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். பிறகு அளவுகோலை எடுத்துவிட்டு லென்ஸைத் தொடவே கூடாது.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. சிறிய சென்சார் உள்ள கேமராவில், பொருளின் அளவில் பாதி அளவுக்கு உருவம் விழும்படி நெருங்கினால், எஃப் 11-இல் தெளிவாகத் தெரியும் ஆழம் 2.5 மி.மீ. அளவுதான். சொட்டின் குறுக்களவைவிடக் குறைவு. எஃப் 22-க்குப் போனால் ஆழம் கூடும். ஆனால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதும் லேசாக மழுங்கும். கொஞ்சம் பின்வாங்கி எடுப்பதே நல்ல தீர்வு.

கேமரா தண்ணீர்ப் பரப்பைவிடச் சற்றே உயரத்தில், லேசாகக் கீழ்நோக்கி இருக்கட்டும். நேர் மட்டத்துக்கு இறக்கினால் பள்ளம் தெரியாது. மிகவும் உயர்த்தினால் தூண் குட்டையாகத் தெரியும்.

எப்போது அழுத்துவது?

40 செ.மீ. விழச் சொட்டுக்கு ஆகும் நேரம் சுமார் 0.29 வினாடி. கண் பார்த்துக் கை அசைய நமக்கு ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. கேமராவும் பொத்தானை அழுத்தியபின் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதிக்கும். இரண்டையும் கூட்டினால் சொட்டு விழும் நேரத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. ஆகவே சொட்டு தண்ணீரைத் தொடுவதைப் பார்த்து அழுத்தினால் எப்போதும் தாமதம்தான், வளையங்கள் மட்டும் கிடைக்கும். குழாய் நுனியிலிருந்து சொட்டு பிரியும் கணத்தைப் பார்த்து அழுத்துங்கள்.

இன்னும் நல்ல வழி தாளம். சொட்டுகள் சீராக விழும்போது, கண்ணை எடுத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பத்துப் பதினைந்து சொட்டுக்குப் பிறகு விரலுக்குத் தாளம் பிடிபட்டுவிடும். பிறகு கொஞ்சம் முந்தியும் பிந்தியும் அழுத்திப் பார்த்தால் ஒவ்வொரு கட்டமாகக் கிடைக்கும். நூறு படத்தில் பத்து தேறினாலே அது நல்ல நாள். ஃப்ளாஷைக் குறைந்த அளவில் வைத்திருப்பதால் அது உடனுக்குடன் தயாராகிவிடும். சொட்டுக்குச் சொட்டு எடுத்துக்கொண்டே போகலாம்.

முதல் வெற்றி பெரும்பாலும் காற்றில் தொங்கும் சொட்டாகத்தான் இருக்கும். அதை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சித்திரங்களில் வரையும் கண்ணீர்த்துளி வடிவம் அதில் இருக்காது. பரப்பு இழுவிசை தண்ணீரை இழுத்துச் சுருட்டுவதால் கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கும். நுனியிலிருந்து பிரிந்த அதிர்ச்சியில் சில படங்களில் சற்றே நீண்டும், சிலவற்றில் தட்டையாகவும் தெரியும். விழும் வழியெல்லாம் அது அப்படி அதிர்ந்துகொண்டேதான் வருகிறது.

கையால் எடுத்துப் பழகி, இன்னும் துல்லியம் வேண்டும் என்று தோன்றினால் மின்னணு வழி இருக்கிறது. குழாய் நுனிக்கு 5 செ.மீ. கீழே ஒரு லேசர் கதிரையும் எதிரில் ஓர் ஒளி உணரியையும் வையுங்கள். சொட்டு கதிரை வெட்டியதும், ஆர்டுயினோ போன்ற சிறு மின்னணுப் பலகை எண்ணத் தொடங்கும். 40 செ.மீ. உயரமென்றால், சுமார் 185 மில்லி வினாடியில் சொட்டு தண்ணீரைத் தொடும். அதற்குப் பின் 10, 15 மில்லி வினாடியில் கிரீடம். 80, 100-ஐ ஒட்டித் தூண் உச்சியை எட்டும். இந்த முறையில் பலகை கேமராவை இயக்க வேண்டியதே இல்லை. அறையை முழு இருட்டாக்கி, ஷட்டரை ஒன்றிரண்டு வினாடி திறந்துவைத்து, குறித்த கணத்தில் ஃப்ளாஷை மட்டும் ஒளிரச் செய்தால் போதும். கேமராவின் தாமதம் கணக்கிலேயே வராது. வொர்திங்டன் செய்ததும் இதுதான். அவருடைய கண் இருந்த இடத்தில் நம் சென்சார். ஃப்ளாஷுக்கும் பலகைக்கும் நடுவில் ஆப்டோகப்ளர் என்ற சிறு பாகத்தைப் போட்டு இரண்டின் மின்சாரத்தையும் பிரித்துவிடுங்கள். பழைய ஃப்ளாஷ்கள் சிலவற்றின் இணைப்பு முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அவற்றை இன்றைய கேமராவிலோ பலகையிலோ நேரடியாகச் செருகக் கூடாது.

கிரீடம், தூண், குடை

மூன்றும் ஒரே அமைப்பில் அழகாக வராது. கிரீடத்துக்கு நீர் மிக மெல்லிய படலமாக, சில மி.மீ. ஆழமே இருக்க வேண்டும். சொட்டும் கொஞ்சம் உயரத்திலிருந்து வர வேண்டும். எட்ஜர்டனின் பால் துளி விழுந்ததும் மெல்லிய பால் படலத்தின் மேல்தான். தூணுக்கோ பள்ளம் முழுதாக விரியவும் திரும்ப மூடவும் இடம் தேவை, 3 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். நான் ஆழமான தட்டை வைத்துக்கொண்டு ஒரு முழு மாலை கிரீடத்துக்குக் காத்திருந்திருக்கிறேன்.

குடை என்பது முதல் சொட்டு எழுப்பிய தூணின் தலையில் இரண்டாவது சொட்டு மோதும்போது விரிவது. காளானையும் குடையையும் போன்ற அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். இரண்டு சொட்டுகளுக்கும் இடையே சுமார் பத்தில் ஒரு பங்கு வினாடிதான் இடைவெளி இருக்க முடியும். கையால் அது எப்போதாவது தற்செயலாக அமையும். தொடர்ந்து வேண்டுமென்றால், மில்லி வினாடிக் கணக்கில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு வேண்டும். அதற்கு அவசரப்பட வேண்டாம். தூணை நினைத்தபோதெல்லாம் எடுக்க வந்த பிறகு வால்வை யோசிக்கலாம்.

இப்போது பாலின் கதை. பால் ஒளி ஊடுருவாதது; ஆகவே ஒளியை நேரே அடித்தாலும் உருவம் திடமாகத் தெரியும். பின்னணி ஒளியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தண்ணீரிலேயே எடுக்க விரும்பினால் அதன் தன்மையை மாற்றிப் பார்க்கலாம். க்ளிசரின் அல்லது, உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன் கம் ஒரு சிட்டிகை கலந்தால் நீர் கொழகொழப்பாகி, தூண் வழவழவென்று எழும், சிதறல் குறையும். கம் கலந்த நீரை ஒரு இரவு வைத்திருந்து வடிகட்டுங்கள். இல்லையென்றால் கட்டி போய்க் குழாயை அடைக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியைத் தண்ணீரில் கலந்தால் பரப்பு இழுவிசை குறைந்து தெறிப்பின் உருவமே மாறிவிடும். நுரை வராத அளவோடு நிறுத்த வேண்டும்.

செல்போனில் முடியுமா?

ஓரளவு முடியும். செல்போனின் எல்.இ.டி. விளக்கு ஃப்ளாஷைப் போலக் கணநேர ஒளி தராது. அதனால் மேலே சொன்ன வித்தை இங்கே செல்லாது. ஷட்டர்தான் சொட்டை நிறுத்த வேண்டும். நேரடி வெயிலில் தட்டை வைத்து, கையால் ஷட்டரை அமைக்கும் வசதியில் 1/4000 வினாடியோ அதற்கும் குறைவாகவோ வைத்து எடுங்கள். அல்லது வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோமோஷனில் பதிவுசெய்து, பிடித்த சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 240 படம் என்றாலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மில்லி வினாடி இருக்கிறது. அதற்குள் சொட்டு 1 செ.மீ.க்கும் மேல் இறங்கிவிடும். இருந்தாலும் கிரீடம் எழுந்து சரிந்து தூணாகும் வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு கேமராவில் எடுக்க உட்காருவது மிகவும் உதவும்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். ஃப்ளாஷை ஒளி புகும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். மின் இணைப்புப் பெட்டியைத் தரையில் விடாமல் மேலே வையுங்கள். லென்ஸின் முன் தெளிவான ஒரு ஃபில்டர் இருந்தால் தெறிப்பைத் துடைத்துக்கொண்டே வேலை செய்யலாம்.

இவையெல்லாம் கைக்கு வந்த பிறகு செய்து பார்க்க ஒன்று. தொங்கும் சொட்டு ஒரு குட்டி லென்ஸ். பின்னால் இருக்கும் காட்சி முழுவதையும் தனக்குள் சுருக்கித் தலைகீழாகக் காட்டும். வெற்றுத் தாளுக்குப் பதிலாக ஒரு பூவை வைத்து, அதற்கு ஒளியூட்டி, சொட்டு விழும் வழியில் பிடியுங்கள். சொட்டுக்குள் பூ நிமிர்ந்து தெரிய வேண்டுமானால், பூவைத் தலைகீழாக வைக்க வேண்டும்.